ஜிகிள்ட், ஓகே

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஜிகிளார் என்றுதான் கூப்பிடுவார்கள். மேலே வார்டில் இருக்கிற நர்சுகளுக்கும் அதுதான் தெரியும். சம்பளச் சீட்டில் வேறு ஒரு பெயர் இருக்கும். அது அவருக்கும் ஆபீசுக்கும் நடுவில் உள்ள விஷயம்.

பட்டம் வந்த கதை பெரிதொன்றும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நாலு சலவை மெஷின்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே நின்று குளிக்கலாம் போல இருக்கும். அவற்றைப் பொருத்திக்கொடுக்க வந்த மெக்கானிக்குக் கண்ணில் தடித்த கண்ணாடி, வாயில் தமிழ் கிடையாது. இவர் படித்தது அஞ்சாம் வகுப்பு. ரெண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் இங்கிலீஷும் பத்து விரலும்தான்.

மெஷினுக்கு அடியில் அழுக்குத் தண்ணீர் வெளியேற ஒரு வால்வு உண்டு. அதைத் திறக்க முழ நீளத்தில் ஒரு கைப்பிடி. துணியிலிருந்து வருகிற நூல், பஞ்சு, கட்டுத்துணித் துண்டு எல்லாம் போய் அதில் சிக்கும். சிக்கினால் கைப்பிடி இறுகிவிடும். முதல் நாளே சிக்கியது. இவர் அப்போது வாலிபம். ரெண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுக்கப் போனார். மெக்கானிக் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார்.

"நோ, நோ. ஜிகிள்."

சொல்லிவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் கைப்பிடியின் நுனியில் வைத்தார். இந்தப் பக்கம் ஒரு நெல்லளவு, அந்தப் பக்கம் ஒரு நெல்லளவு, சட்டுசட்டென்று அசைத்தார். வாயும் கூடவே ஜிகிள் ஜிகிள் என்றது. உள்ளே எதுவோ பிடியை விட்டது. தண்ணீர் கொடகொடவென்று இறங்கிப் போனது. இவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய மனுஷன் கிலுகிலுப்பை ஆட்டுகிற தினுசில் நின்றால் யாருக்குத்தான் வராது. ஆனால் கை கற்றுக்கொண்டது. அந்த ஊர் பேர் தெரியாத மெக்கானிக் போன பிறகும் கைப்பிடி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சிக்கியது. பத்துத் தடவையும் ரெண்டு விரலில் திறந்தது.

சுவரில் ஆணி அடித்து ஒரு ரிஜிஸ்டர் தொங்கும். பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பார்கள், யாரும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க. நேரம், மெஷின் நம்பர், என்ன கோளாறு, என்ன செய்தாய் என்று நாலு கட்டம். மெஷின் கம்பெனிக்காரர்கள் வந்து படிப்பார்களாம், அதனால் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மெக்கானிக்கிடம் எழுத்துக் கேட்டு வாங்கி, கையில் எழுதிவைத்து, ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணி, இவர் முதல் வரியை எழுதினார். வால்வ் ஜாம். ஜிகிள்ட். ஓகே.

வந்தது வினை. சலவைக்கூடத்தில் மற்றவர்களும் அவரைப் போலத்தான், இங்கிலீஷ் என்றால் நாலடி தள்ளி நிற்கிறவர்கள். ஓர் ஆள் எழுதிய வார்த்தை கண் முன்னால் இருக்கிறது, பார்த்து எழுதினால் தப்பு வராது. கதவு மாட்டிக்கொண்டதா, ஜிகிள்ட். பெல்ட் நழுவியதா, ஜிகிள்ட். சுத்தியலால் ரெண்டு போட்டானா, அதுவும் ஜிகிள்ட். மத்தியானம் ஒருத்தர் மூட்டை மேல் படுத்துத் தூங்கி ஒரு மணி நேரம் தாமதமானதற்கும் ஜிகிள்ட் என்றுதான் எழுதினார். கட்டம் நிறைந்தது, கேட்க ஆளில்லை. வருஷம் போனது. ஜிகிளாருக்கு வாலிபம் போய், முட்டி தேய்ந்து, நீராவி குடித்துக் குடித்து மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம். அதை எப்படியாவது தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தார்.

அப்படி இருக்கையில்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அன்றைக்கு அவர் லீவு. மனைவிக்குக் கண் பரிசோதனை. சாயங்கால ஷிப்டில் ரெண்டாம் நம்பர் மெஷினில் இருந்தது அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. ஆறு வருஷத்துக்கு முன்னால் இவர்தான் ஆளாளுக்குக் கும்பிடு போட்டு வேலை வாங்கிக்கொடுத்தார். அஞ்சு மணி வாக்கில் வால்வின் தண்டு முறிந்தது. மெஷின் கொள்ளாத தண்ணீர் தரையெல்லாம் ஓடி, பக்கத்து அறையில் வெளுத்து அடுக்கியிருந்த துணிக்குள் புகுந்தது. ஆபரேஷன் அறைக்கு வேண்டிய பச்சைத்துணி மொத்தமும் கீழ்த்தட்டில். சனிக்கிழமை காலை மூணு ஆபரேஷன் நிறுத்தப்பட்டது. முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்த ஒரு கிழவரை, சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

ரிஜிஸ்டரில் மச்சினன் எழுதியிருந்தான். மெஷின் ரெண்டு. வால்வ் ஜாம். ஜிகிள்ட். பிரோக்கன்.

ஆறு மாசத்துக்கு முன்னால் வந்த நிர்வாக அதிகாரி ஒரு பெண்மணி. எதையும் படித்துப் பார்க்கிற வழக்கம் அவருக்கு. சனிக்கிழமையே கம்பெனி ஆள் வந்து பார்த்து, ஊழியர்கள் கைப்பிடியைத் தொடர்ந்து குலுக்கிவந்ததால் தண்டு கெட்டு உடைந்தது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அதிகாரி பழைய ரிஜிஸ்டர்களைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாகப் புரட்டி, முதல் ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில் முதல் ஜிகிள்ட் யார் கையெழுத்து என்று கண்டுபிடித்தார். அன்று மாலையே ஜிகிளார் கைக்குக் காகிதம் வந்தது. தவறான பழக்கத்தைக் கூடத்தில் புகுத்தி மெஷினைக் கெடுத்ததற்கு உங்களை ஏன் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, திங்கள் பத்து மணிக்கு நேரில் விளக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்கு வந்தான். வந்தவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா மாப்ளே. புதுசா அழைக்கணுமா உன்னை" என்றார் ஜிகிளார்.

உட்கார்ந்தான். அக்கா கொடுத்த தண்ணீரை இடது கையால் வாங்கிக் குடித்தான்.

"மாமா, நாளைக்கு மேடம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"குலுக்குறதுன்னு சொல்லிருங்க. போன்ல டிக்ஷனரி பார்த்தேன். அதுலயும் அப்படித்தான் போட்டிருக்கான். குலுக்கு, ஆட்டு. நீங்க சொன்னீங்க, நாங்க செஞ்சோம். விஷயம் முடிஞ்சுது."

"யாருக்கு முடிஞ்சுது?"

அவன் தரையைப் பார்த்தான். "உங்களுக்கு மூணு வருஷம்தான் மாமா பாக்கி. எனக்கு இருபது வருஷம் கிடக்கு. ரெண்டு புள்ளைங்க."

"அன்னிக்கு என்னடா பண்ணினே அதை?"

"ஜிகிள் பண்ணினேன்."

"என்கிட்டயுமாடா?"

மச்சினன் வலது கையை மடியில் மூடி வைத்திருந்தான். ஜிகிளார் எட்டி அந்தக் கையைத் திருப்பினார். உள்ளங்கையில் தோல் உரிந்து, சுற்றிலும் துரு ஏறியிருந்தது. கூடத்து மூலையில் கிடக்கும் இரும்புக் குழாய் அவருக்கு ஞாபகம் வந்தது. கைப்பிடி மேல் குழாயைச் சொருகி, தொங்கி இழுத்திருக்கிறான். ரெண்டு விரல் போதும் என்கிற இடத்தில் இருநூறு கிலோ பலம். கையை விட்டார்.

அவன் போன பிறகு மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் பாதி மூடியபடியே பேசினாள்.

"ஏங்க. நான் எதுவும் சொல்லலை."

"சொல்லாமலா உட்கார்ந்திருக்கே."

"அவனைக் காட்டிக்குடுத்தீங்கன்னா எங்க அம்மா வீட்டு வாசல்ல நான் எப்படிக் கால் வைப்பேன்?"

"பழியை என் தலையில கட்டினா?"

அவள் எழுந்து போய், கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள்.

ஜிகிளார் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை. அதற்கு ரெண்டு விரல் அசைவு என்று அர்த்தம் சொன்னால், ரெண்டு விரலால் தண்டு எப்படி முறியும் என்று அடுத்த கேள்வி வரும். மச்சினன் மாட்டுவான். குலுக்குவது என்று அர்த்தம் சொன்னால், இருபத்திரண்டு வருஷமாக மெஷினைக் கெடுத்த ஆள் இவர். அர்த்தம் கேட்பது பள்ளிக்கூடத்தில்தான் என்று நினைத்திருந்தார். அஞ்சாம் வகுப்போடு ஓடிவந்ததற்கு இப்போது மொத்தமாகப் பரீட்சை வைக்கிறார்கள்.

திங்கட்கிழமை அதிகாரியின் மேஜை மேல் ரிஜிஸ்டர்கள் ரெண்டு அடுக்காக இருந்தன. உட்காரச் சொன்னார். ஜிகிளார் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"இதைப் பாருங்க. பெல்ட் அறுந்தது, ஜிகிள்ட். அறுந்த பெல்ட்டை எப்படிங்க ஜிகிள் பண்றது?"

"அது என் கையெழுத்து இல்லீங்க மேடம். போன வருஷம் ரிட்டயர் ஆனவரு."

"சரி. இது? கரண்ட் இல்லை, ஜிகிள்ட், ஓகே."

ஜிகிளார் எட்டிப் பார்த்தார். கையெழுத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது. "அது என்னோடதுதாங்க."

"நீங்க ஜிகிள் பண்ணினதும் கரண்ட் வந்துருச்சா?"

"அதுவா வந்துச்சுங்க. கட்டம் காலியா இருந்துச்சு."

அதிகாரி சிரித்துவிடுவார் போல இருந்தது. சிரிக்கவில்லை. போனை எடுத்துக் காட்டினார். "டிக்ஷனரியில குலுக்குன்னு இருக்கு. கம்பெனிக்காரர் ரிப்போர்ட்டும் அதையேதான் சொல்லுது. நீங்க சொல்லுங்க. உங்க கூடத்துல இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? தமிழ்ல ஒரே வார்த்தையில சொன்னாப் போதும்."

ஒரே வார்த்தை. ஜிகிளார் தலைக்குள் தேடினார். குலுக்குவது என்றால் டப்பாவைக் குலுக்கலாம். உலுக்குவது மரத்தை. ஆட்டுவது தொட்டிலை, தலையை. நெம்புவது மூடியை. தட்டுவது கதவை. எதுவும் அந்த ரெண்டு விரலுக்குள் வந்து உட்காரவில்லை. ஒன்று பலம் கூடிப்போகிறது, இல்லையென்றால் குறைந்துபோகிறது. கை வெறும் காற்றில் நெல்லளவு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அசைந்தது. அதைப் பார்த்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"வாயில வரலீங்க மேடம். கீழ வந்தீங்கன்னா காட்டிருவேன்."

அதிகாரிகள் யாரும் கீழே வந்து அவர் பார்த்ததில்லை. இந்த மேடம் வந்தார். படிக்கட்டு முடிகிற இடத்தில் நீராவி முகத்தில் அடித்ததும் ஒரு நிமிஷம் நின்றார். தரை இன்னும் ஈரம். பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். அழுக்குத்துணி மூட்டைகளைத் தாண்டி, மூணாம் நம்பர் மெஷினிடம் ஜிகிளார் கூட்டிப்போனார். நாலடி தள்ளி, உலர்த்தும் மெஷினில் மச்சினன் துணி எடுத்துக்கொண்டிருந்தான். காலை ஷிப்டுக்கு மாற்றியிருந்தார்கள். கையில் துணி சுற்றியிருந்தது. நிமிரவில்லை.

வால்வ் சொல்லிவைத்த மாதிரி சிக்கியே இருந்தது. ஜிகிளார் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குத்தவைத்தார். ரெண்டு விரலை வைத்தார். அசைத்தார். வால்வ் விட்டது, தண்ணீர் கொடகொடவென்று இறங்கியது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க. பூட்டிட்டு, அடுத்த தடவை சிக்குறப்ப நீங்களே பண்ணிப் பாருங்க."

கால் மணி நேரம் அதிகாரி அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். மறுபடி சிக்கியதும் கைப்பிடியைப் பிடித்தார்.

"அது இழுக்குறதுங்க. அப்படி வேண்டாம்."

விரலை மாற்றிப் பிடித்தார்.

"அது ஆட்டுறது. சின்ன வயசுல பல்லு ஆடுனா நாக்கால தொட்டுத் தொட்டுப் பார்ப்போம் இல்லீங்களா. பிடுங்குற எண்ணமே இருக்காது, சும்மாவும் விடமாட்டோம். அந்த மாதிரி."

அதிகாரியின் நாக்கு வாய்க்குள் எங்கேயோ போனது கன்னத்தில் தெரிந்தது. பிறகு விரல் அசைந்தது. வால்வ் விட்டது. தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றார்.

"இதனால தண்டு உடையாது."

"நூறு வருஷம் பண்ணினாலும் உடையாதுங்க."

"அப்போ இத்தனை ரிஜிஸ்டர்லயும் வால்வுக்கு நேரா நீங்க எழுதின ஜிகிள்ட் எல்லாமே இதுதான். இல்லீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் தீர்ந்தது. வேலை நிலைக்கும். மூணு வருஷம் ஓடிவிடும். காட்டிக்கொடுத்ததாகவும் ஆகாது, அவர் வாயால் யார் பெயரையும் சொல்லவில்லை. கேள்வி தானாக நாலடி தள்ளிப் போய் மச்சினன் முன்னால் நிற்கும். அந்த ஆமாம் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அவருடைய வலது கால் இருக்கிறதே, அதற்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு அலைந்த வருஷம், மூச்சு இழுத்துக்கொண்டு வேலைக்கு வந்த மழைக்காலம், பதினெட்டு மூட்டை வந்து குவிந்த நாள். குனிய முடியாத எத்தனையோ நாள் நின்ற வாக்கில் பூட்ஸ் காலால் கைப்பிடியை உதைத்திருக்கிறார். உதைத்துவிட்டுப் போய், கயிற்றில் தொங்கும் பேனாவை எடுத்து, அழகாக ஜிகிள்ட், ஓகே.

"இல்லீங்க மேடம்" என்றார்.

"என்ன இல்லை?"

"அர்த்தம் நான் காட்டினதுதான். ஆனா எழுதினது எல்லாம் அது இல்லை. அசந்துபோன நாள்ல நானும் உதைச்சிருக்கேன். உதைச்சேன்னு எழுத இங்கிலீஷ் தெரியாது. தெரிஞ்சாலும் எழுதியிருக்க மாட்டேன். இந்த வார்த்தை எல்லாத்துக்கும் மேல போர்வை மாதிரி கிடந்துச்சு. நான்தான் முதல்ல போர்த்தினேன். அதுக்குப் பின்னால ஆளாளுக்கு இழுத்துப் போர்த்திக்கிட்டாங்க."

அதிகாரி அவரையே பார்த்தார். "வெள்ளிக்கிழமை அந்தப் போர்வைக்குள்ள என்ன இருந்துச்சு?"

"அது என் கையெழுத்து இல்லீங்க. எழுதினவங்களைத்தான் கேக்கணும்."

உலர்த்தும் மெஷின் நின்றிருந்தது. மச்சினன் ஒரே விரிப்பை மூணு தடவை மடித்துவிட்டான். நாலாவது தடவை உதறியபோது கைக்கட்டு அவிழ்ந்தது. விரிப்பைக் கூடையில் போட்டான்.

"குழாய் போட்டு இழுத்தேன் மேடம்" என்றான். "மூட்டை நிறைய இருந்துச்சு. விரல் வச்சு அசைக்கப் பொறுமை இல்லை." பிறகு ஜிகிளார் பக்கம் திரும்பாமலே சொன்னான். "மாமா அப்படிச் சொல்லிக்குடுக்கலை."

வேலை ரெண்டு பேருக்கும் போகவில்லை. போகாததற்குக் காரணம் இரக்கமா, புது ஆளைப் பழக்குகிற தொல்லையா என்று தெரியாது. மச்சினனை மெஷினிலிருந்து எடுத்து ஒரு வருஷம் அழுக்குத்துணி பிரிக்கிற இடத்தில் போட்டார்கள். ரத்தமும் சீழும் பார்க்கிற வேலை. ஜிகிளாருக்குப் பொய்யாகப் பதிவு செய்ததற்கு ஒரு மெமோ. இருபத்திரண்டு வருஷத்தில் அவருடைய பைலில் ஏறிய முதல் காகிதம் அது. மனைவி ஒன்பது நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு மட்டும் தட்டில் வந்து விழுந்தது. பத்தாம் நாள், "அவனே ஒத்துக்கிட்டானாமே" என்றாள். "ஆமா" என்றார்.

கூடத்துக்குப் புது ரிஜிஸ்டர் வந்தது. கடைசிக் கட்டம் பழையதைப் போல மூணு மடங்கு அகலம். தமிழில் எழுதலாம், என்ன செய்தீர்களோ அதை எழுதவும் என்று முதல் பக்கத்தில் அதிகாரி கைப்பட எழுதியிருந்தார். பழைய ஆணி, பழைய கயிறு, அதே பேனா.

முதல் நாள் ஜிகிளார் எழுதினார். மெஷின் மூன்று. வால்வ் இறுகியிருந்தது. கைப்பிடி நுனியில் இரண்டு விரல் வைத்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வேகமாக அசைத்தேன். சிக்கியிருந்த நூல் விலகித் திறந்துகொண்டது. எழுதி முடிக்கக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஆறு நிமிஷம் ஆயிற்று. அன்றைக்கு மூணு மணிக்குள் வால்வ் பதினோரு தடவை சிக்கியது. பதினோரு தடவையும் குனிந்தார், அசைத்தார், எழுந்து போய் அதே நாலு வரியை எழுதினார். வேலையை விட எழுத்துதான் முதுகை ஒடித்தது.

மூணு மணிக்குப் பன்னிரண்டாவது தடவை. முட்டி மடங்க மாட்டேன் என்றது. அவர் சுற்றிலும் பார்க்கவில்லை. நின்ற வாக்கில் காலைத் தூக்கி ஓர் உதை விட்டார். வால்வ் திறந்தது.

ரிஜிஸ்டரிடம் போனார். பேனா தானாக இங்கிலீஷ் ஜே போட்டுவிட்டது. அதை அடித்தார்.

காலால் உதைத்தேன். முட்டி வலி.

எழுதி ஆணியில் மாட்டினார். நாளைக்கு மேடம் கூப்பிட்டுக் கேட்பார். கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, மூட்டை மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.